நான்தான் க்ளெரிக் ஆக வேண்டுமா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டில், 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து, நேராக 17-வது லெவலில் கேம்பெயின் (தொடர் ஆட்டம்) தொடங்குகிறோம். முதல் பெரிய சண்டையே ஏன்ஷியன்ட் ரெட் டிராகனோடு என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் சொல்லிவிட்டார். விஸார்ட், சோர்சரர் (இருவரும் மந்திரக்காரர்கள்), பார்பேரியன் (ஆவேசமாக வெட்டும் வீரர்) மூன்றையும் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். காயம் ஆற்ற ஆள் வேண்டும், நீதான் க்ளெரிக் (ஆற்றும் மந்திரம் தெரிந்த பூசாரி) என்கிறார்கள். எனக்கு மனமே இல்லை. நான் மறுத்தால் பார்ட்டி (எங்கள் குழு) கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. பலாடின் (தெய்வ சக்தி கொண்ட வீரர்) எடுங்கள்.

அடிக்க ஒருவர், அடி வாங்க ஒருவர், ஆற்ற ஒருவர் என்று ஆள் பிரிக்கிற கணக்கு ஆரம்ப லெவல்களுக்குச் சரி. 17-ல் நான் முதலில் பார்ப்பது, யார் எந்த சேவிங் த்ரோவில் (ஆபத்திலிருந்து தப்ப 20 முகப் பகடையை உருட்டித் தன் போனஸைக் கூட்டுவது, சுருக்கமாக சேவ்) தோற்பார் என்பதைத்தான். உங்கள் டிராகனையே எடுத்துக்கொள்வோம். அதன் நெருப்பு மூச்சுக்கு டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவில் 24 எடுக்க வேண்டும், தோற்றால் சராசரியாக 91 உயிர்ப் பாயின்ட் போகும். உங்கள் சோர்சரருக்கு அந்த சேவில் +2 என்று வையுங்கள், பகடையில் 20 விழுந்தாலும் மொத்தம் 22தான், 20 விழுந்தால் தானாக ஜெயம் என்பது இந்த விதிகளில் சேவுக்குக் கிடையாது. அதாவது அவர் உருட்டுவதே வீண். பார்பேரியன் பாடு இன்னும் மோசம். டிராகனைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க விஸ்டம் (மனத்தெளிவு) சேவில் 21 வேண்டும், +1 வைத்திருக்கிறவர் 20 விழுந்தால் மட்டுமே தப்பிப்பார், பயந்தவரால் டிராகனை நெருங்கவே முடியாது. கிட்டே போய் வெட்டுவதற்கென்றே இருக்கிற ஆள் அவர்! (பெர்சர்க்கர் என்ற வகை பார்பேரியன் என்றால் ரேஜில், அதாவது ஆவேசத்தில், இருக்கும்வரை பயம் கிடையாது. அவர் என்ன வகை என்று முதலில் கேளுங்கள்.)

பலாடினைச் சுற்றியிருக்கும் ஆரா என்ற சக்தி வட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. உங்கள் கரிஸ்மா (ஆளுமை) 20 என்றால், உங்களுக்கும் 10 அடிக்குள் நிற்கிற நண்பர்களுக்கும் எல்லா சேவிலும் +5. பார்பேரியன் அந்த 10 அடிக்குள் இருந்தால், நீங்கள் நினைவோடு இருக்கும்வரை பலாடினின் இன்னொரு ஆராவால் அவருக்குப் பயமே வராது, உருட்டவே லாயக்கில்லாமல் இருந்த சோர்சரருக்கு நெருப்பு சேவில் 17 விழுந்தால் போதும். ஆனால் அதற்காக நால்வரும் ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள், அந்த நெருப்பு 90 அடி வரை விரியும், ஒரே மூச்சில் எல்லோரையும் பிடித்துவிடும். இப்போதைக்கு பார்பேரியன் பக்கத்திலேயே இருங்கள், மந்திரக்காரர்கள் இருவரும் தள்ளி நிற்கட்டும். 18-வது லெவலில் ஆரா 30 அடி ஆகிவிடும், அப்புறம் பரவி நிற்கலாம்.

காயம் ஆற்றுவது? தொட்டு ஆற்ற உங்களிடம் 85 பாயின்ட் இருக்கும். செத்தவரை ஒரு நிமிடத்துக்குள் எழுப்பும் ரிவிவிஃபை பலாடினுக்கும் உண்டு, 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் மட்டும் கையில் இருக்க வேண்டும், ஒன்றுக்கு மேலேயே வாங்கி வையுங்கள். க்ளெரிக்கின் மாஸ் ஹீல் ஒரே ஸ்பெல்லில் (மந்திரத்தில்) 700 பாயின்ட் ஆற்றும், அது உங்களுக்குக் கிடைக்காது, உண்மைதான். ஆனாலும் பிடிக்காத கேரக்டரை மாதக்கணக்கில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை விட அந்த இழப்பு எவ்வளவோ மேல் என்பேன்.

எனக்கு உண்மையில் கவலை உங்கள் விஸார்டும் சோர்சரரும்தான். இருவரும் தனித்தனியாக ஸ்பெல் தேர்ந்தெடுத்தால் ஒரே பட்டியலோடு வந்து நிற்பார்கள். டிராகன் ஒரு நாளைக்கு 3 முறை தோற்ற சேவை ஜெயித்ததாக மாற்றிக்கொள்ளும், அந்த மூன்றையும் சோர்சரர் செலவழிக்க வைக்கட்டும், விஸார்டு தன் பெரிய ஸ்பெல்லை அதுவரை பத்திரமாக வைத்திருக்கட்டும். இன்னொன்று, டிராகன் மேலேயே பறந்துகொண்டிருந்தால் நீங்களும் பார்பேரியனும் கீழே நின்று வேடிக்கைதான் பார்ப்பீர்கள். நான்காம் லெவல் ஸ்லாட்டில் (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) போட்டால் ஃப்ளை ஸ்பெல் இருவரையும் தூக்கும். ஆனால் அது கான்சன்ட்ரேஷன் ஸ்பெல் (போட்டவர் கவனம் சிதறாமல் பிடித்திருக்க வேண்டியது), போட்டவர் அடி வாங்கி அது உடைந்தால் நீங்கள் இருவரும் விழுவீர்கள். அதனால் அதை யார் போடுவது என்பதை முதல் நாளே உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.