மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் பச்சை மருந்து ஊசி எதற்குப் போடுகிறார்கள்?

அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன், பச்சை மருந்து ஏற்றி கேமராவில் பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார், அது அவசியமா, ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மன்னார்குடிப் பக்கம் ஊர், இப்போது திருச்சியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தயங்காமல் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

அந்த ஊசி கட்டிக்காக இல்லை, அக்குளுக்காக. மார்பிலிருந்து நிணநீர் பெரும்பாலும் அக்குளில் இருக்கும் நெறிகளுக்குத்தான், அதாவது நிணநீர் முடிச்சுகளுக்குத்தான் போய்ச் சேரும், புற்று பரவினாலும் அந்த வழியில்தான் முதலில் போகும். நம் பக்கத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் தலைமடையைத் தொடாமல் கடைமடைக்குப் போகாது இல்லையா, அதேதான். தலைமடையில் இருக்கிற இரண்டு மூன்று நெறிகளை மட்டும் எடுத்துச் சோதித்து, அதில் புற்று இல்லையென்றால் மிச்சத்தைத் தொட வேண்டியதில்லை. டாக்டர்கள் இதைத்தான் சென்டினல் நோட் என்பார்கள்.

எந்த நெறி தலைமடை என்று காட்டுவது அந்த மருந்து, இந்தோசயனின் கிரீன். 25 மில்லிகிராம் குப்பியில் கரும்பச்சைத் தூளாக வரும். கரைத்துக் கொடுத்தால் சர்ஜன் காம்பைச் சுற்றி ஊசி போட்டு கொஞ்ச நேரம் நீவிவிடுவார். அப்புறம் மேலே இருக்கும் பெரிய விளக்கை அணைப்போம். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அந்த மருந்து விடும் ஒளி 830 நானோமீட்டர் பக்கம், அகச்சிவப்பு. ஆனால் கேமராத் திரையில் காம்புக்குப் பக்கத்திலிருந்து மெல்லிய கோடு ஒன்று கிளம்பி, நெளிந்து நெளிந்து அக்குளைப் பார்த்து ஊர்ந்து போகும், எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிடும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் ஒளி வெளியே வரும் என்பதால் அக்குள் கொழுப்புக்குக் கிட்டே கோடு மறைந்துவிடும். அங்கே கீறிப் பார்த்தால் உள்ளே மொச்சைக்கொட்டை அளவு நெறி ஒன்று தனியாக மினுங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? என் பெரியம்மாவுக்கு 2008-ல் ஒரு ஆஸ்பத்திரியில் அக்குள் நெறிகளை மொத்தமாக வழித்து எடுத்தார்கள். எடுத்த நெறி ஒன்றில்கூடப் புற்று இல்லை என்று ரிப்போர்ட் பிறகுதான் வந்தது. வேறு வழி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு வருடத்துக்குள் நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கி வளையலை வெட்டித்தான் எடுத்தோம். விடிகாலையில் நாற்றுப் பறித்து, உச்சி வெயில் வரை நடவு நட்டவர், அந்தக் கையால் இன்றைக்கும் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது.

நெறியை விட்டுவைத்தால் உயிருக்கு ஆபத்தாகுமே என்று பயப்பட வேண்டாம். 5,611 பெண்களை வைத்து நடந்த பி-32 ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. தலைமடை நெறி சுத்தமாக இருந்தவர்களில், மிச்ச நெறிகளையும் மொத்தமாக எடுத்தவர்களும் தலைமடை நெறியோடு நிறுத்திக்கொண்டவர்களும் ஒரே மாதிரிதான் உயிரோடு இருந்தார்கள்.

ஏற்கெனவே அக்குளில் நெறிகட்டி, ஊசி வைத்துச் சோதித்ததில் புற்று என்று வந்திருந்தால் கணக்கு வேறு, அதை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். கேமரா இல்லாத ஊர்களில் நீலச் சாயம் மட்டும் போட்டுச் செய்கிறார்கள், ஒன்றுமே பார்க்காமல் வழித்தெடுப்பதற்கு அது எவ்வளவோ மேல். கட்டியை எடுத்த குழியில் மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று ஒளிரவைத்துப் பார்க்கிற பெகுலிசியனின் என்ற இன்னொரு மருந்துக்கு அமெரிக்காவில் 2024-ல் அனுமதி கொடுத்தார்கள், அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பச்சை மருந்தில் கதிரியக்கம் எதுவும் கிடையாது, கல்லீரல் வழியாக வெளியேறிவிடும். ஆனால் அதில் அயோடின் கலந்திருக்கும். அம்மாவுக்கு எப்போதாவது ஸ்கேன் ஊசி போட்டுத் தடித்ததா, மூச்சு முட்டியதா என்று கேட்டு, அப்படி இருந்தால் அட்மிஷன் போடும்போதே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட இடத்தில் சில நாள் பச்சையாக இருக்கலாம், அவர் பதறிவிடாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.