பழைய பெல்லட் அடுப்பை வாங்கலாமா?

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

முதல் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே எண்ணெய்ச் சூடாக்கியின் செலவு உங்களைத் திணறடித்துவிட்டது என்றும், அதே தெருவில் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பெல்லட் அடுப்பை (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சித் துண்டுகளான பெல்லட்டை எரித்து அறையைச் சூடாக்கும் அடுப்பை) மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார் என்றும், வாடகை வீட்டில் இருக்கும் நீங்கள் அதை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வீடு இடங்கொடுத்து, அடுப்பும் நல்ல நிலையில் இருந்தால் வாங்கலாம். ஆனால் புதிதாக வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் அடுப்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். நீங்கள் வீட்டு விஷயத்தை முடித்துக்கொண்டு, அதன் பிறகே அடுப்பைப் பார்க்கப் போங்கள்.

முதலில் வீட்டு உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். சுவரில் துளையிட வேண்டியிருக்கும், அல்லது இருக்கும் புகைபோக்கிக்குள் புதுக் குழாய் இறக்க வேண்டியிருக்கும்; இரண்டுமே வாய்வார்த்தையை நம்பிச் செய்யக்கூடிய வேலைகள் அல்ல. அடுத்ததாக, உங்கள் பகுதியில் அடுப்பு நிறுவுவதற்கு யாருடைய ஒப்புதல் வேண்டும் என்று நகராட்சியிடமோ புகைபோக்கி ஆய்வாளரிடமோ கேளுங்கள். பழைய அடுப்பாக இருந்தாலும், உங்கள் வீட்டில் அதைப் பொருத்துவது பல இடங்களில் புது நிறுவலாகவே கணக்கில் கொள்ளப்படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல் சந்தைக்கு வரும் பெல்லட் அடுப்புகளுக்கு 79 விழுக்காடு செயல்திறனும் மிகக் குறைந்த தூசி அளவும் கட்டாயமாகிவிட்டன. அமெரிக்காவில் 2020 மே மாதம் முதல் விற்கப்படும் புது அடுப்பின் புகைத்துகள் மணிக்கு 2 கிராமைத் தாண்டக்கூடாது. பன்னிரண்டு ஆண்டுப் பழைய அடுப்பு இந்த வரம்புகளுக்கு முன்பே செய்யப்பட்டது என்பதால், அதை நிறுவ உங்கள் ஊர் அனுமதிக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காமல் நிறுவிய அடுப்பால் தீப்பிடித்தால் அவர்கள் இழப்பீட்டை மறுக்க இடமிருக்கிறது.

புகைக்குழாய்க்கு ஆகும் செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெல்லட் அடுப்பில் புகை தானாக மேலே ஏறுவதில்லை. ஒரு விசிறி அதைத் தள்ளுகிறது. அதனால் குழாயின் இணைப்புகள் காற்றுக் கசியாதபடி இறுக்கமாக இருக்க வேண்டும், பெல்லட்டுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட குழாயாகவும் இருக்க வேண்டும். எரிவாயுச் சூடாக்கிக்குப் போட்ட குழாயில் இதை இணைக்கவே கூடாது. குழாய், தரையைக் காக்கும் தகடு, நிறுவுபவரின் கூலி ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், பல நேரங்களில் அது பழைய அடுப்பின் விலையை மிஞ்சிவிடும். வாடகை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அடுப்பை எடுத்துச் செல்லலாம். குழாய்க்குச் செலவழித்த பணத்தின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். அந்த வீட்டில் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கப் போகிறீர்கள் என்பதை இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் அடுப்பைப் பார்க்கப் போகலாம். போவதற்கு முன் விற்பவரிடம், "நான் வரும்வரை அடுப்பைப் பற்றவைக்காமல் வைத்திருங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய காரை வாங்கப் போகும்போது அதன் இயந்திரம் ஏற்கெனவே சூடாக இருந்தால் நாம் எப்படிச் சந்தேகப்படுவோமோ, அப்படித்தான் இதுவும். அடுப்பின் குறைகள் பெரும்பாலும் குளிர்ந்த நிலையிலிருந்து பற்றும் அந்த முதல் பத்து நிமிடங்களில்தான் வெளிப்படுகின்றன. பொத்தானை அழுத்தியதும் புகை விசிறி சுழலத் தொடங்கும். திருகுத் தண்டு மெல்லச் சுழன்று பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் கொட்டும். பற்றவைக்கும் கம்பி சிவக்கச் சூடேறி, சில நிமிடங்களில் தீ பிடிக்கும். பெல்லட் கிண்ணம் நிறையக் குவிந்தும் தீ பிடிக்காமல் புகை மட்டும் சூழ்ந்தால், பற்றவைக்கும் கம்பி தேய்ந்திருக்கலாம், அல்லது கிண்ணத்தின் துளைகள் அடைத்திருக்கலாம். கம்பியை மாற்றுவது பெரிய செலவில்லை. திருகுத் தண்டின் மோட்டார் முனகினாலோ, விட்டு விட்டு நின்றாலோ, விசிறியின் தாங்கி கிரீச்சிட்டாலோ, அவற்றை மாற்றும் செலவை விலையிலிருந்து குறைத்துக் கேளுங்கள்.

தீ நன்றாகப் பிடித்த பிறகு குறைந்தது அரை மணி நேரமாவது அங்கே இருங்கள். சுடர் வெளிர்மஞ்சளாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தால் காற்றோட்டம் சரியாக இருக்கிறது. நுனியில் கருப்புப் புகையுடன் சோம்பலாக ஆடும் ஆரஞ்சுச் சுடரைக் கண்டால், காற்று போதவில்லை என்று அர்த்தம்: வெப்பப் பரிமாற்றக் குழாய்களிலோ புகைவழியிலோ சாம்பல் அடைத்திருக்கும், அல்லது கதவின் ஓரத்தில் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிற்றுப் பட்டி தளர்ந்திருக்கும். கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் படிவது இயல்பு. அரை மணியிலேயே கரி படிந்தால் இயல்பல்ல. அணைத்து ஆறிய பிறகு கதவில் ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வந்துவிட்டால் பட்டியை மாற்ற வேண்டும். அது மலிவான வேலைதான்.

மலிவாக முடியாத ஒன்று துரு. சாம்பலைச் சுத்தம் செய்யாமல் ஈரமான நிலவறையில் ஒரு கோடை முழுவதும் கிடந்த அடுப்பில், சாம்பல் ஈரத்தை உறிஞ்சி இரும்பை உள்ளிருந்தே அரித்துவிடும். கைவிளக்கை எடுத்துச் சென்று எரியறையின் மூலைகளையும் பற்றுவைத்த தையல்களையும் பாருங்கள். விரலால் அழுத்தினால் பொரிப்பொரியாகத் துரு உதிருமானால், அல்லது தகட்டில் விரிசல் தெரியுமானால், இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். அந்த விரிசல் வழியாக வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நண்பர் ஒருவருக்குத் துணையாக இப்படியோர் அடுப்பைப் பார்க்கப் போனேன். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். தீயும் நன்றாகவே எரிந்தது. பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து காட்டச் சொன்னபோது விற்பவர் தயங்கினார். திறந்து பார்த்தால், காற்றழுத்தத்தை உணரும் சுவிட்சிலிருந்து வரும் இரண்டு கம்பிகளைக் கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கி, கருப்பு நாடா சுற்றியிருந்தார்கள். புகை வெளியேறும் வழி அடைபட்டாலோ கதவு திறந்திருந்தாலோ, பெல்லட் விழுவதை நிறுத்துவதற்காக இருப்பது அந்தச் சுவிட்சுதான். அடிக்கடி அடுப்பை நிறுத்திக்கொண்டே இருந்ததால் அதைச் செயலிழக்கச் செய்துவிட்டார்கள். அது ஏன் நிறுத்துகிறது என்று தேடவில்லை. பிள்ளைகள் தூங்கும் வீட்டுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம் என்று நண்பரிடம் அங்கேயே சொன்னேன். நீங்களும் பக்கத் தகட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நேர்மையாக விற்பவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பன்னிரண்டு ஆண்டு என்ற வயது என்னை அவ்வளவாகப் பயமுறுத்தவில்லை. ஒழுங்காகச் சுத்தம் செய்யப்பட்ட அடுப்பு அதற்குப் பிறகும் உழைக்கும். உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். விசிறியும் மோட்டாரும் பல நேரங்களில் பொதுவான அளவுகளில் கிடைக்கும். கட்டுப்பாட்டுப் பலகை அப்படியில்லை, அந்த மாதிரிக்கென்றே செய்யப்பட்டது. தயாரித்த நிறுவனம் மூடிவிட்டிருந்தால், பலகை பழுதாகும் நாளில் நூறு கிலோ எடையுள்ள இரும்புப் பெட்டி ஒன்றுதான் உங்களிடம் மிஞ்சும். அடுப்பின் பின்புறமோ பெல்லட் தொட்டியின் மூடிக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும் தகட்டில் மாதிரி எண், ஆண்டு, தரச்சான்று ஆகியவை இருக்கும். ஐரோப்பிய அடுப்பானால் ஈஎன் 14785 என்ற தர எண்ணைத் தேடுங்கள். கையேடும் அவசியம், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதை நிறுவுபவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

இனி, உங்களை இந்த யோசனைக்கே கொண்டுவந்த செலவுக் கணக்கு. ஒரு கிலோ நல்ல பெல்லட்டில் ஏறத்தாழ 4.8 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. ஒரு லிட்டர் சூடாக்கும் எண்ணெயில் ஏறத்தாழ 10. ஆகவே இரண்டு கிலோ பெல்லட்டின் விலையை ஒரு லிட்டர் எண்ணெயின் விலையோடு ஒப்பிட்டால் போதும். வித்தியாசம் சொற்பமாக இருந்தால், மூட்டை சுமப்பதும் தினமும் எரிகிண்ணத்தைச் சுரண்டுவதும் வாரந்தோறும் சாம்பல் அள்ளுவதும் ஆண்டுக்கொருமுறை ஆள் வைத்துப் புகைவழியைச் சுத்தம் செய்வதும் சேர்ந்து அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். வித்தியாசம் கணிசமாக இருந்தால்தான் இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. பெல்லட் வைக்க உலர்ந்த இடமும் வேண்டும். ஈரம்பட்ட பெல்லட் ஊதி மரத்தூளாகி, திருகுத் தண்டில் அடைத்துக்கொள்ளும். சாம்பல் 0.7 விழுக்காட்டுக்கு மேற்படாத ஈஎன் பிளஸ் ஏ1 என்ற பெல்லட் தரத்தையோ அதற்கு இணையானதையோ வாங்குங்கள். மட்டமான பெல்லட் எரிந்தால் கிண்ணத்தில் கல்போன்ற கட்டிகள் உறையும்.

இரண்டு விஷயங்களை இங்குள்ளவர்கள் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அவை சிறுவயதிலிருந்தே தெரிந்தவை. மின்சாரம் இல்லாவிட்டால் பெல்லட் அடுப்பு வேலை செய்யாது. எரிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் புகை விசிறியும் நின்றுவிடுவதால், புகை அறைக்குள் கசியவும் கூடும். அதனால் அடுப்பிருக்கும் அறையிலும் படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும். மற்றொன்று இதைவிட மறைவானது. அடுப்பு இருக்கும் கூடத்தில்தான் எண்ணெய்ச் சூடாக்கியின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்குமானால், கூடம் சூடானதும் அது எண்ணெய்ச் சூடாக்கியை நிறுத்திவிடும், மற்ற அறைகள் குளிர்ந்துபோகும். கடுங்குளிரில் மூலையறையின் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிப்பதற்கு அதுவே போதும். கட்டுப்பாட்டுக் கருவியை வேறு அறைக்கு மாற்ற முடியுமா என்று உரிமையாளரிடம் அனுமதி கேட்கும்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், உரிமையாளரின் கடிதமும் நிறுவுபவரின் விலைமதிப்பும் கைக்கு வரும்வரை முன்பணம் எதுவும் கொடுக்க மாட்டேன். அந்த வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்குமேல் தங்கப் போவதில்லை என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுவேன். தங்குவதாக இருந்தால், அடுத்த குளிர்காலத்துக்கு முன் நிறுவி முடிக்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அடுப்பின் தகட்டைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்த மாதிரிக்குக் கட்டுப்பாட்டுப் பலகை இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன்.