இங்கிலாந்தின் மிகப் பழைய பப் எது? நாட்டிங்காமில் ஒரு பப் சுவரில் 1189 என்று எழுதியிருக்கிறார்களே, அது உண்மையா?

1189-க்கு ஆதாரம் கிடையாது. இத்தோடு பதிலை முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பழம்பெருமைக்குப் பின்னால் இருக்கும் நிஜக் கதை இன்னும் சுவாரசியமானது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். நாட்டிங்காமில் சில காலம் வேலை பார்த்தவன் நான். குடிப்பழக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலக நண்பர்கள் இழுத்துக்கொண்டு போவார்கள். நான் இஞ்சி பியரோடு (பெயர்தான் பியர், போதை கிடையாது) உட்கார்ந்து சுவரையும் கூரையையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீங்கள் கேட்கும் கடையின் பெயர் ‘யே ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்’. ஊரில் ‘ட்ரிப்’ என்றால் போதும். நாட்டிங்காம் கோட்டை நிற்கும் மணற்பாறையின் அடிவாரத்தில், பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முதலாம் ரிச்சர்ட் அரியணை ஏறிய ஆண்டு 1189. அவரோடு மூன்றாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட வீரர்கள், ஜெருசலேம் போகும் முன் இங்கே இறங்கித் தொண்டையை நனைத்துக்கொண்டார்கள் என்பது கதை.

தல புராணம் ஒன்று சொல்லும், கல்வெட்டு வேறொன்று சொல்லும் என்பது நமக்குப் பழக்கமான சங்கதிதானே. இங்கேயும் அதேதான். இன்று நாம் பார்க்கும் கட்டடத்தின் பழைய பகுதிகளே 1650-ஐ ஒட்டியவை. 1751 வாக்கில் இங்கே ஒரு விடுதி நடந்தது தெரிகிறது, ஆனால் அதன் பெயர் ‘பில்கிரிம்’. ‘ட்ரிப் டு ஜெருசலேம்’ என்ற பெயர் பதிவுகளில் தலைகாட்டுவது 1799-இல். ரிச்சர்டின் வீரர்களுக்கும் இந்தப் பெயருக்கும் நடுவே 600 ஆண்டு இடைவெளி.

வேடிக்கை என்னவென்றால், ‘நாங்கள்தான் மூத்தவர்கள்’ என்று அதே ஊரில் இன்னும் இரண்டு பப்புகள் மல்லுக்கு நிற்கின்றன. ஹவுண்ட்ஸ் கேட் தெருமுனையில் இருக்கும் ‘சல்யூடேஷன்’ தன் சுவரில் 1240 என்று எழுதி வைத்திருக்கிறது. கபிரியேல் தேவதூதன் மரியாளை வாழ்த்திய காட்சிதான் அதன் பெயர். 17ஆம் நூற்றாண்டில் மன்னர் தலையை வெட்டிவிட்டுப் பியூரிட்டன்கள் (கறாரான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்) ஆண்ட காலத்தில் அந்தப் பெயர் உறுத்தியிருக்கிறது. ‘சோல்ஜர் அண்ட் சிட்டிசன்’ என்று மாற்றினார்கள். 1660-இல் முடியாட்சி திரும்பியதும் பழைய பெயரும் திரும்பிவிட்டது. மூன்றாவது, சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ‘பெல்’. கார்மலைட் துறவிகளின் மடத்தில் விருந்தினர் தங்கும் வீடாக இருந்தது என்பார்கள். 1898 முதல் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே குடும்பம் அதை நடத்தியது.

இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க 1998-இல் சானல் 4 தொலைக்காட்சிக்காக ஆய்வாளர்கள் இறங்கினார்கள். அவர்கள் நம்பியது கட்டடங்களின் மர உத்தரங்களை. ஓக் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். நல்ல மழை பெய்த ஆண்டில் அகலமாக, வறண்ட ஆண்டில் குறுகலாக. உத்தரத்தின் வளைய வரிசையை அந்த வட்டாரத்தின் பழைய மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டால் மரம் எப்போது வெட்டப்பட்டது என்று தெரிந்துவிடும். பெல், சல்யூடேஷன் இரண்டின் மரங்களும் 15ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்குப் போயின. ட்ரிப் மூன்றாமிடம், அதுவும் இருநூறு ஆண்டு பின்தங்கி.

ஆனால் ட்ரிப்பை அத்தோடு தள்ளிவிட முடியாது. அதன் பின்பாதி கட்டடமே அல்ல, குகை. நாட்டிங்காம் மணற்பாறையைக் கைக்கருவியால் குடைந்துவிடலாம். ஊருக்கு அடியில் நூற்றுக்கணக்கான குகைகள் இருக்கின்றன. வெயிலோ பனியோ, உள்ளே ஒரே குளிர்ச்சி. மேலே கோட்டை எழுந்தது 1068-இல். அந்தக் கால ஏல் என்ற பியர் வகையில், கெடாமல் காக்கும் ஹாப்ஸ் பூவைச் சேர்ப்பதில்லை, சில நாளில் புளித்துக் கெட்டுவிடும். தூரத்திலிருந்து கொண்டுவந்து சேமிக்க வழியில்லை. கோட்டைக்காரர்கள் பக்கத்திலேயே காய்ச்சித்தான் ஆக வேண்டும். ட்ரிப் இருக்கும் இடத்தின் பெயரே இன்றும் ப்ரூஹவுஸ் யார்ட். ஆக, அந்தக் குகைகளில் கோட்டைக்காக ஏல் காய்ச்சினார்கள் என்பதை நான் நம்பத் தயார்.

கோட்டைக்குக் காய்ச்சுவதும் தெருவில் போகிறவனுக்கு விற்பதும் ஒன்றா? இங்கேதான் ‘மிகப் பழைய’ என்ற பட்டம் எல்லா ஊரிலும் சிக்கிக்கொள்கிறது. இடைக்காலத்தில் ஏல் விற்றவர்களில் பலர் வீட்டுப் பெண்கள். பானம் தயாரானதும் வாசலில் ஒரு கழியை நீட்டி வைப்பார்கள், தீர்ந்ததும் எடுத்துவிடுவார்கள். அதற்கெல்லாம் ஆவணம் எங்கே இருக்கும்? ஏல் கடை நடத்த நீதிபதிகளிடம் உரிமம் வாங்க வேண்டும் என்ற சட்டமே 1552-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டைச் சுவரில் எழுதும் எந்தப் பப்பும், கட்டடத்தின் வயது, தொழிலின் வயது, பெயரின் வயது ஆகிய மூன்றில் எது பெரிதோ அதை எடுத்துத் தன் வயதாகச் சொல்லிக்கொள்கிறது. லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸில் இருக்கும் ‘ஃபைட்டிங் காக்ஸ்’ 793 என்று கூடச் சொல்லிக்கொண்டது. கின்னஸ் சாதனைப் புத்தகம் அதற்கு மிகப் பழைய பப் என்ற பட்டமும் கொடுத்து வைத்திருந்தது. சரிபார்க்க முடியாத சமாச்சாரம் என்று பிறகு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

ட்ரிப்பின் மாடியில் பாறையைக் குடைந்த அறை ஒன்றில் தூசி மண்டிய மரக்கப்பல் பொம்மை இருக்கிறது. அதைத் துடைத்தவர்கள் எல்லாரும் செத்துப்போனார்களாம், அதனால் யாரும் தொடுவதில்லை. துடைக்கச் சோம்பல் பட்ட எவரோ கிளப்பிவிட்ட கதை என்பது என் கணிப்பு. கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் வளையத்தை வீசிச் சுவரில் உள்ள மாட்டுக் கொம்பில் மாட்டும் விளையாட்டும் உண்டு. பார்க்கச் சுலபம், எனக்குக் கடைசிவரை கைவரவில்லை.

உரிமையாளர் கதையையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பியர் ஆலைகளே பப்புகளை வாங்கிப்போட்டுத் தங்கள் சரக்கை விற்பது நெடுநாள் வழக்கம். ட்ரிப் பக்கத்து ஊர் கிம்பர்லியின் ஹார்டிஸ் அண்ட் ஹான்சன்ஸ் ஆலையிடம் இருந்தது. 2002-இல் பெல்லும் அதே ஆலையிடம் போனது. 2006-இல் கிரீன் கிங் என்ற பெரிய பியர் நிறுவனம் அந்த ஆலையையே வாங்கி, அதே ஆண்டு மூடியது. அப்படி, மூப்புக்குச் சண்டை போட்ட மூன்றில் இரண்டு ஒரே முதலாளியிடம் வந்து சேர்ந்தன.

போகிற திட்டம் இருந்தால், பழைய உத்தரங்களுக்குப் பெல், குகைக்கு ட்ரிப். சனிக்கிழமை வேண்டாம், நிற்க இடமிருக்காது. வாரநாளில் மதியத்துக்குப் பிறகு போங்கள். மேசையில் உட்கார்ந்து பரிமாற வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள், கவுண்டரில் போய்க் கேட்டுக் காசு கொடுத்து நாமே எடுத்து வர வேண்டும்.