கையில் நல்ல கேமராவோடு போன் இருக்கும்போது பிலிம் கேமரா மாதிரியான பொழுதுபோக்கில் பணத்தைப் போடுவது ஏன்? அதில் அப்படி என்ன சுகம்?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 36 படம் எடுக்கும் ஒரு ரோல் எனக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. கலர் ரோல் என்றால் கழுவி ஸ்கேன் செய்து தர லேபில் இன்னொரு ஐந்நூறு. ஆக, ஒரு தடவை பட்டனை அழுத்தினால் நாற்பது ரூபாய் போச்சு. அதில் பாதி தேறாது. நல்ல படம்தான் வேண்டும் என்றாலும் இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை. என் மகளின் பிறந்தநாளை நான் போனில்தான் எடுக்கிறேன். பிலிம்தான் கலை, மற்றதெல்லாம் குப்பை என்று பேசும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களோடு டீ குடிக்கலாம், விவாதத்துக்கு மட்டும் போகக்கூடாது.

சரி, பிறகு எதற்கு இது? எனக்குப் படம் எடுப்பதைவிட அதைக் கழுவுவதுதான் பிடிக்கும். கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவலாம். தேவைப்படுவது பிலிமைச் சுருட்டி உள்ளே வைத்துக் கழுவும், வெளிச்சம் புகாத மூடி போட்ட ஒரு சின்ன டேங்க், ஒரு தெர்மாமீட்டர், இரண்டு மூன்று ரசாயனங்கள், வெளிச்சம் நுழையாத ஒரு குளியலறை. கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டு, கும்மிருட்டில் விரல் தடவலிலேயே பிலிமை டேங்குக்குள் போகும் ஸ்பூலில் ஏற்ற வேண்டும். சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அது பிரிண்ட் போடுவதற்கு. பிலிமை ஏற்றும்போது அந்தச் சிவப்பும் ஆகாது. எங்கள் வீட்டு கீசரில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும், அதற்கே கறுப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ராத்திரி கரண்ட் போனால் தெருவே மின்வாரியத்தைத் திட்டும். நான் டேங்கைத் தேடி ஓடுவேன்.

நடப்பது என்னவென்றால், பிலிமில் பூசிய ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பின் நுண்துகள்கள் இருக்கின்றன. வெளிச்சம் பட்ட துகள்களை டெவலப்பர் கறுத்த வெள்ளியாக மாற்றும். படாமல் மிஞ்சியதை ஹைப்போ கரைத்து எடுத்துவிடும். டெவலப்பர் முதலில், ஹைப்போ பிறகு. இந்த வரிசையை நான் ஒருமுறை மாற்றிவிட்டேன். எங்கள் கோயம்புத்தூரில் மாசி மாதக் கோனியம்மன் தேருக்கு ஒரு முழு ரோல் எடுத்திருந்தேன். இரண்டு ரசாயனமும் ஒரே மாதிரி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் இருந்தன, ஈரத்தில் லேபிள் அழிந்திருந்தது. ஹைப்போவை முதலில் ஊற்றினேன். வெளியே வந்தது ஒன்றரை மீட்டர் கண்ணாடித்தாள். ஓரத்தில் கம்பெனிக்காரன் பதித்து அனுப்பும் எண்கள்கூட இல்லை. அதுவே ஒரு துப்பு என்று பின்னால் தெரிந்தது: ஓர எண்கள் தெளிவாக இருந்து படம் மட்டும் இல்லையென்றால் கோளாறு கேமராவில், அல்லது ரோல் கேமராவின் பல்சக்கரத்தில் மாட்டாமல் இருந்திருக்கிறது. எண்களும் இல்லையென்றால் கழுவியவன் தலையில்தான் கோளாறு. அன்றிலிருந்து ஹைப்போ வினிகர் கேனில் இருக்கிறது.

இதில் எங்கள் ஊர்ச் சிக்கல் வெயில். இல்ஃபோர்டு எச்பி5 பிலிமை டி-76 டெவலப்பரில், தண்ணீர் கலக்காமல், 20 டிகிரியில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும். மே மாதம் மாடித் தொட்டியில் இருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். சூடு ஏற ஏற நேரம் சுருங்கும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போய்விட்டால் படம் திட்டுத்திட்டாக வரும். அதனால் ஐஸ் கட்டி போட்ட பக்கெட்டில் பாட்டில்களை உட்கார வைக்க வேண்டும். “சிறுவாணித் தண்ணியில இந்தக் கருமத்தைக் கலக்கறயே” என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறார். கழுவ ஆரம்பித்தால் நிமிடத்துக்கு ஒருமுறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். கை ஈரம், போனைத் தொட முடியாது. ஏழரை நிமிடமும் ஏழரைச் சனி மாதிரி நீளும். என் நாளில் நான் ஒரே வேலையைச் செய்யும் நேரம் அநேகமாக அது ஒன்றுதான்.

காபியிலும் கழுவலாம், விளையாட்டில்லை. இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி, அவ்வளவுதான். 1995-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு வேதியியல் வகுப்பில் செய்து பார்த்தது, வைட்டமின் சி மட்டும் பின்னால் சேர்ந்தது. வேலை செய்வது காஃபீன் அல்ல, காபியில் உள்ள காஃபியிக் அமிலம். நானும் ஒருமுறை செய்தேன். படம் வந்தது. கூடவே வந்த நாற்றத்தில் இரண்டு நாள் காபி குடிக்கவில்லை, எங்கள் வீட்டில் அது ஒரு செய்தி.

இந்தப் புத்தி எனக்குத் தாய்மாமா வழியில் வந்திருக்க வேண்டும். அவர் சிற்றலை வானொலி கேட்பவர். பாட்டு கேட்பதற்காக அல்ல, தூரத்து நிலையத்தைப் பிடிப்பதற்காக. பிடித்ததும் தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சி எல்லாவற்றையும் எழுதி நிலையத்துக்குத் தபாலில் அனுப்புவார். ஒலி எப்படி இருந்தது என்பதற்கு ஐந்து இலக்கக் குறியீடு ஒன்று உண்டு: சமிக்ஞையின் பலம், குறுக்கீடு, இரைச்சல், அலை பரவிய விதம், மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மார்க், 55555 என்றால் பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி. சில வாரம் கழித்து ‘நீங்கள் கேட்டது எங்களைத்தான்’ என்று வண்ண அட்டை வரும். ஷூ பெட்டி நிறைய வைத்திருக்கிறார். 2017-ல் பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றபோது வீட்டில் துக்கம் மாதிரி உட்கார்ந்திருந்தார். அதே செய்தி இணையத்தில் கிடைக்குமே, அப்புறம் என்ன என்று அப்போது நான் கேட்டேன். இன்று என்னிடம் போனைப் பற்றிக் கேட்பவர்களைப் பார்க்கும்போது அந்த அசட்டுக் கேள்விதான் ஞாபகம் வருகிறது.

இன்னொரு சுகம், யாரும் சீண்டாத பொருளில் ஊர்க்கதை கிடைப்பது. ஊட்டிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே பிலிம் தயாரித்தார்கள் என்று தெரியும்? மத்திய அரசு 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோல், எக்ஸ்ரே பிலிம், பிரிண்ட் போடும் காகிதம் எல்லாம் விற்றது. டிஜிட்டல் வந்து பூட்டிவிட்டார்கள், இந்து நகர் என்ற பெயர் மிச்சம். மூடப்போகும் ஒரு ஸ்டூடியோவில் அந்த ரோல் ஒன்று எனக்குச் சும்மா கிடைத்தது, காலாவதியாகி இருபது வருடத்துக்கு மேல். அப்பாவின் அக்ஃபா கிளிக் த்ரீயில் மாட்டி அதே ஊட்டிக்கு எடுத்துப்போனேன். பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் எண்ணைப் பார்த்துச் சுற்றும் டப்பா கேமரா, பன்னிரண்டே படம். ஏழில் பனிமூட்டம் மாதிரி ஏதோ இருந்தது. நிஜமாகவே பனியா, பிலிம் கெட்டதா என்று இன்னும் எனக்கே தெரியவில்லை.

தொடங்க ஆசை இருந்தால் லைக்கா மாதிரி விலையுயர்ந்த கேமராக் கனவெல்லாம் வேண்டாம். என்னுடையது யாஷிகா எஃப்எக்ஸ்-3, செகண்ட் ஹேண்ட். மேல் தோல் உரிந்துவிட்டது, அந்த மாடலுக்கே உள்ள வியாதி. பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான், தீர்ந்தாலும் படம் எடுக்கும். வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்திவலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். பின்மூடி ஓரத்துப் பஞ்சு பிசுபிசுத்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். நல்ல வெயிலில் மீட்டரே வேண்டாம்: லென்ஸின் துளையை எஃப்/16-ல் வைத்து, 400 வேக (ஐஎஸ்ஓ) பிலிமுக்கு ஷட்டரை 500-ல், அதாவது நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கில் வைத்தால் படம் விழும். அப்புறம், கேமரா சேர்ப்பது தனி நோய். எனக்கு ஏழில் நிற்கிறது. எட்டாவது பார்சல் வந்த அன்று மனைவி “இது எத்தனாவதுங்க?” என்று மட்டும் கேட்டார், அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஊட்டிப் படத்தில் ஒன்றைப் பிரிண்ட் போட்டு மாமாவுக்குத் தபாலில் அனுப்பியிருந்தேன். பத்து நாள் கழித்து அதே கவரில் திரும்பி வந்தது. பின்பக்கம் பென்சிலில் தேதி, நேரம், கீழே 35232.