துவைக்காதீர்கள், முதலில் துளைகளைப் பாருங்கள்

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு முதிய அம்மையாரின் வீட்டுச் சாமான்களை விற்றபோது, கண்ணாடிச் சட்டமிட்ட பழைய எம்பிராய்டரித் துணி ஒன்றும், அச்சுத்துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வை ஒன்றும் வாங்கினேன். எம்பிராய்டரியில் ஆங்கில எழுத்து வரிசை, ஒரு வீடு, இரண்டு மரங்கள், ஒரு பெண்ணின் பெயர், வயது 12 ஆகியவை இருக்கின்றன. ஆண்டு '18' என்று தொடங்குகிறது. அடுத்த இரண்டு இலக்கங்களைக் காணோம். துணி பழுப்பேறிக் கிடக்கிறது. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் அம்மா, பட்டுப் புடவையைப் போலப் பூந்திக்கொட்டை நீரில் அலசினால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். அலசலாமா? போர்வை 1790-ஐச் சேர்ந்தது என்று விற்றவர் சொன்னார், நம்பலாமா? அருங்காட்சியகத்தில் வாங்கிக்கொள்வார்களா? இரண்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அலச வேண்டாம். இன்றைக்கு மட்டுமல்ல, துணிப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதன்மேல் படக் கூடாது. அம்மா சொல்வதில் தவறில்லை. பூந்திக்கொட்டை பட்டுக்கு இதமானது. தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் புடவைகளைக் காத்தது. இங்கே ஆபத்து சோப்பால் வருவதல்ல, தண்ணீரால் வருவது.

உங்களிடம் இருப்பதன் பெயர் சாம்ப்ளர். அமெரிக்காவில் பள்ளிக்குச் சென்ற சிறுமிகள் எழுத்தையும் தையலையும் ஒருசேரப் பழகிய துணி அது. அங்கே செய்யப்பட்டவற்றில் இன்று அறியப்படும் மிகப் பழையது, மாசசூசெட்ஸில் ஆங்கிலேயர் அமைத்த பிளிமத் குடியேற்றத்தைச் சேர்ந்த லோரா ஸ்டாண்டிஷ் 1653 வாக்கில் தைத்தது. பிளிமத்திலுள்ள பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஊருக்கு ஊர் ஆசிரியைகள் பள்ளி நடத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் பிடித்த வீடு, வேலி, பூங்கொடி என்று ஒரு பாணி உண்டு. பெயரும் ஊரும் அழிந்துபோன சாம்ப்ளரைக்கூட, அந்த வீட்டின் கூரையையும் மரத்தின் வடிவையும் வைத்து இன்ன ஆசிரியையின் மாணவி செய்தது என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். குழந்தை வேலைதானே என்று யாரும் தள்ளிவிடுவதில்லை. உங்கள் மாநிலத்தின் பர்லிங்டன் கவுண்டியில் மேரி ஆன்ட்ரிம் என்ற சிறுமி 1807-இல் முடித்த சாம்ப்ளர், 2012-இல் 10 லட்சம் டாலருக்கும் மேலான விலைக்கு ஏலம் போனது. அந்த விலையை எதிர்பார்த்துக் காத்திருக்கச் சொல்லவில்லை. எவ்வளவு கவனமாகக் கையாள வேண்டிய பொருள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி தண்ணீருக்கு வருவோம். அடித்துணி லினன், மேலே ஓடுவது பட்டு நூல். நனைந்தால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. லினன் இழை நீரைக் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும். பட்டு அதே அளவு சுருங்காது. தையலைச் சுற்றித் துணி கொசுவி நிற்கும். சாயம் அதைவிடப் பெரிய பயம். ஒரே சாம்ப்ளரில் எட்டு, பத்து நிற நூல்கள் இருக்கும்; சிவப்பு ஒரு பட்டறையில் சாயமேற்றியது, பச்சை வேறொன்றில். ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்த்தேன், சாயம் ஒட்டவில்லை என்று சிலர் துணிந்து இறங்கிவிடுவார்கள். ஒற்றும்போது நின்ற சாயம், முழுதாக நனைந்து ஒரு மணி நேரம் காயும்போது நகர்ந்துவிடும். அருங்காட்சியகங்களிலும் சில துணிகளைக் கழுவுகிறார்கள்; அதற்கு முன் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சோதித்து, தாது உப்பு நீக்கிய நீரில் துணியைத் தட்டையாகத் தாங்கிப்பிடித்துச் செய்கிறார்கள். வேண்டாம் என்று விட்டுவிடுவதும் நிறைய நடக்கும்.

உங்கள் துணியைப் பொறுத்தவரை இதற்கெல்லாம் மேலான காரணம் ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பியவற்றில் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மரத்தின் அடிப்பகுதியில் நூல் உதிர்ந்திருக்கிறது. சில துளைகளில் கரும்பழுப்பு நூலின் நுனி பொடிப்பொடியாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் கறுப்புக்கும் கரும்பழுப்புக்கும் இரும்புச் சத்தையும் துவர்ப்புச் சத்தையும் சேர்த்துச் சாயமேற்றினார்கள். நம் கலம்காரியில் கறுப்புக் கோட்டுக்கு இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரை எடுக்கிறார்களே, அதே வேதியியல்தான். இரும்பு, காலப்போக்கில் இழையை உள்ளிருந்தே அரித்துவிடும். அதனால்தான் பழைய சாம்ப்ளர்களில் மற்ற நிறங்கள் நிற்க, கறுப்புத் தலைமுடியும் மரத்தண்டும் முதலில் காணாமல் போகின்றன.

இப்போது ஆண்டு இருந்த இடத்தைப் பாருங்கள். அங்கே நூலின் மிச்சம் துளியும் இல்லை. துளைகள் சுத்தமாக இருக்கின்றன. அருகிலுள்ள '18' வெளிர்நீல நூலில் கெட்டியாக நிற்கிறது. அந்த இரண்டு இலக்கங்கள் அரித்துப் போகவில்லை. யாரோ ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது அந்தச் சிறுமியேதான், நடுவயதான பிறகு. கூடத்துச் சுவரில் தொங்கும் துணியில் வயது 12 என்றும் ஆண்டு இன்னது என்றும் இருந்தால், வருகிற விருந்தாளி மனக்கணக்குப் போட்டுவிடுவார் அல்லவா? இப்படி ஆண்டு பிரிக்கப்பட்ட சாம்ப்ளர்கள் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எனக்கு இவற்றின்மேல் தனிப் பிரியம். 12 வயதில் ஆசிரியை சொன்னபடி தைத்தவள், பிற்பாடு தானாக முடிவெடுத்துச் செய்த ஒரே திருத்தம் அது.

ஊசி போன துளைகள் இன்றும் அங்கே திறந்திருப்பதற்குக் காரணம், அந்த லினன் பல ஆண்டுகள் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருந்ததும், நனையாமல் இருந்ததும்தான். நனைத்தால் பாவு இழையும் ஊடை இழையும் உப்பி, நகர்ந்து, துளைகள் மூடிக்கொள்ளும். பழுப்பு கொஞ்சம் குறையலாம், ஆண்டு ஒரேயடியாகப் போய்விடும்.

ஆகவே முதல் வேலை, அந்த இலக்கங்களைப் படிப்பது. இரவில் அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச் விளக்கைத் துணிக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய துணியின் தளத்தை ஒட்டியே பிடியுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது துளைகள் நிழல் கட்டும். கைபேசியை அசையாமல் வைத்து, விளக்கை நான்கு பக்கமும் மாற்றி மாற்றிப் படம் எடுங்கள். கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். பிரதிபலிப்பு தொந்தரவு செய்தால் கறுப்புத் துணி ஒன்றை எதிரே பிடித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் பின்பக்கப் பழைய காகிதத்தைக் கிழித்துவிடாதீர்கள். சட்டம் போட்ட கடையின் சீட்டு, பென்சிலில் எழுதிய குடும்பப் பெயர் எதுவாவது அதில் இருக்கக்கூடும். அதையும் படம் எடுங்கள். காகிதத்துக்குள் இருப்பது வெறும் மரப்பலகையாக இருந்தால், அந்த மரத்தின் அமிலம்தான் துணியைப் பழுப்பாக்கியிருக்கும். வல்லுநரிடம் போகும்போது அதைத்தான் முதலில் மாற்றச் சொல்ல வேண்டும். அமிலமற்ற அட்டைமேல் பருத்தித்துணி போர்த்தி, அதில் சாம்ப்ளரை மெல்லிய நூலால் தைத்து நிறுத்துவார்கள். பசை கூடவே கூடாது. கண்ணாடி துணியைத் தொடாதபடி நடுவில் இடைவெளி விடுவார்கள். வெளியே எடுத்த பிறகு பின்புறத்தைக் கட்டாயம் பாருங்கள். வெயிலே படாத அந்தப் பக்கத்தில் சிறுமி தேர்ந்தெடுத்த உண்மையான நிறங்கள் இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இளஞ்சிவப்பும் பச்சையும் திகைப்புத்தான். அதுவரை சன்னலுக்கு எதிர்ச்சுவர், குளியலறைச் சுவர், சமையலறை, நிலவறை எதுவும் வேண்டாம். அந்துருண்டையைச் சட்டத்துக்குள் போடாதீர்கள்.

போர்வைக்கு வருகிறேன். 1790 என்று எனக்குத் தோன்றவில்லை. போர்வையின் வயது, அதிலுள்ள மிகப் புதிய துணியின் வயதுதான். படத்தில் பெரும்பாலான துண்டுகளில் மயிரிழைபோன்ற கோடுகள், இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒருமுறை பிசிறில்லாமல் திரும்ப வருகின்றன. அது செதுக்கிய உலோக உருளையின் வேலை. உருளை அச்சுக்கு இங்கிலாந்தில் 1783-இல் காப்புரிமை பெற்றார்கள். அமெரிக்க ஆலைகளில் அது நிலைபெற்றது 19-ஆம் நூற்றாண்டில். மாசசூசெட்ஸின் லோவல் நகரில் 1822-இல் தொடங்கிய மெரிமாக் கம்பெனி போன்றவை கெஜம் கெஜமாக அடித்துத் தள்ளிய மலிவான சீட்டித்துணி இது. அந்த ஆலைகளுக்குப் போன பருத்தி, தென்மாநிலங்களில் அடிமைப்படுத்தப்பட்டவர்கள் பறித்தது என்பதையும் சேர்த்தே இந்தப் பூக்களைப் பார்க்க வேண்டும். என் கணிப்பு 1830-க்கும் 1860-க்கும் இடைப்பட்ட காலம். ஓரப்பட்டையில் தெரிவது தையல் இயந்திரத்தின் தையல். அது பிற்காலத்தில் பழுதுபார்த்ததாக இருக்கலாம், அதை வைத்து முழுப் போர்வையையும் இளசாக்கிவிட முடியாது. சில கரும்பழுப்புத் துண்டுகள் மட்டும் ஓட்டையாகியிருப்பது ஏன் என்று இப்போது உங்களுக்கே புரியும்: மரத்தண்டைத் தின்ற அதே இரும்பு.

1790-களின் துணி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஜான் ஹியூசனின் வேலையைப் பார்க்க வேண்டும். பெஞ்சமின் பிராங்க்ளினின் ஊக்கத்தால் இங்கிலாந்திலிருந்து பிலடெல்பியாவுக்கு 1773-இல் வந்து சேர்ந்த அச்சுக்காரர். மரக்கட்டையில் அடித்த அவருடைய பூச்சாடி, வண்ணத்துப்பூச்சி, பறவைகளை வெட்டியெடுத்துப் போர்வையின் நடுவில் வைத்துத் தைத்தார்கள் அக்காலப் பெண்கள். 1788 ஜூலை 4 அன்று பிலடெல்பியாவில் நடந்த பெரும் ஊர்வலத்தில், ஓடும் வண்டிமேல் அவர் துணி அச்சடித்துக்கொண்டே போக, அவர் மனைவியும் நான்கு மகள்களும் தூரிகையால் சீட்டிக்கு நிறம் தீட்டிக்கொண்டு வந்தார்கள், தங்கள் பட்டறைத் துணியையே உடுத்தி. அந்தக் கட்டை அச்சும் தூரிகை வேலையும் ஐரோப்பா நம் சோழமண்டலக் கரைச் சீட்டிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ள முயன்றதன் தொடர்ச்சி. அந்தக் கரையின் படுக்கை விரிப்புகள் டெலவேரிலுள்ள விண்டர்தர் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. கட்டையில் அடித்த பச்சையை உற்றுப் பாருங்கள்: மஞ்சளின்மேல் நீலம் வைத்துப் பெற்ற பச்சை அது. இரண்டும் சரியாகப் பொருந்தாத இடத்தில், இலையின் ஒரு விளிம்பு மஞ்சளாகவும் மறுவிளிம்பு நீலமாகவும் பிதுங்கி நிற்கும். உங்கள் போர்வையில் அப்படி ஓர் இலைகூட இல்லை.

போர்வையை மடித்தே வைத்திருந்தால் மடிப்புக் கோட்டில் கிழியும். பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தி விரிப்பில் சுற்றி, மடிப்புகளுக்குள் அமிலமற்ற காகிதச் சுருள் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்.

அருங்காட்சியகம் வாங்குமா என்றால், அது அவரவர் திட்டத்தைப் பொறுத்தது. சேமிப்பில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் இருக்கும். துணிகளை 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில், சில மாதங்கள் மட்டுமே காட்சிக்கு வைக்கிறார்கள் என்பதால், கொடுத்தாலும் பெட்டிக்குள்தான் பெரும்பாலும் உறங்கும். அந்தச் சிறுமியின் ஊர் தெரிந்துவிட்டால், அந்த ஊர் வரலாற்றுச் சங்கம் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் என்பது என் எண்ணம்.

ஊரைக் கண்டுபிடிக்க ஆண்டு வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1850-க்கு முன் குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள். 1850-இல்தான் அடிமை அல்லாத ஒவ்வொருவரின் பெயரும் வயதும் வந்தது. அந்த இரண்டு இலக்கங்கள் தெரிந்தால், 12-ஐக் கழித்துப் பிறந்த ஆண்டைப் பிடித்துவிடலாம். அதற்குள் மணமாகிக் குடும்பப் பெயர் மாறியிருக்கும் என்பதால், திருமணப் பதிவுகளையும் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் படத்தில் மூன்றாம் இலக்கத்தின் இடத்தில் மேல்வரிசைத் துளைகள் இரண்டும், அவற்றின் கீழே வலப்பக்கம் சாயும் நான்கும் எனக்குத் தெரிகின்றன. அது 2 ஆக இருக்கலாம். டார்ச் படங்கள் வந்தால் கடைசி இலக்கத்தையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.