அம்மா வாங்கிய குழுக் கடனுக்கு வீடு தேடி வந்து மிரட்டுகிறார்கள். வெளியூரில் இருக்கும் நான் என்ன செய்வது?

உங்கள் அம்மாவும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்கும். எனக்கு அப்படிச் சொல்லக்கூட ஆள் இல்லை. பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து செய்யாறு பக்கம் ஊருக்குப் போனபோது அம்மாவின் காதில் தோடு இல்லை, இரண்டு காதிலும் வேப்பங்குச்சி. கேட்டால், "திருகு தேஞ்சிபோச்சிப்பா, பத்தர்கிட்ட குடுத்திருக்கேன்" என்றார். ராத்திரி எட்டரைக்கு வாசலில் பைக் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து போய் லைட்டை அணைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கறவை மாடு வாங்க 40,000 ரூபாய் எடுத்திருக்கிறார். வாரம் 490, மொத்தம் 104 வாரம். 38 வாரம் ஒழுங்காகக் கட்டிய பிறகு அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஏழு வாரம் கட்ட முடியவில்லை. குழுப் பெண்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒருத்தர் கட்டாவிட்டால் மற்றவர்களையும் வீட்டுக்குப் போகவிடாமல் உட்கார வைக்கிறார்கள். அம்மா தோட்டை அடகு வைத்து அந்த ஏழு வாரத் தவணையையும் கட்டினார். மறுபடி இரண்டு வாரம் பாக்கி விழுந்ததும் பைக் வர ஆரம்பித்தது. "உன் வூட்டுக்காரர் செத்தா கம்பெனி என்னம்மா பண்ணும்?" என்று கேட்டிருக்கிறான் கடன் கம்பெனியின் வசூல் பையன், என்னைவிடச் சின்னவன்.

வாங்கினால் கட்டத்தானே வேண்டும், மகன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று சிலர் எழுதுவீர்கள். மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். கட்ட மாட்டேன் என்று அம்மாவும் ஒரு நாளும் சொன்னதில்லை. 61 வயதில், புருஷனைப் பறிகொடுத்த வீட்டில், இருட்டில் உட்கார வேண்டிய குற்றம் எதையும் அவர் செய்யவில்லை.

நீங்கள் முதலில் லோன் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள், திட்டினால் அட்டை வெளியே வராது. எங்கள் வீட்டில் அது அரிசி டிரம்முக்கு அடியில் மஞ்சப்பையில் இருந்தது. அதைப் புரட்டும்போதுதான் அந்த வரியைப் பார்த்தேன்: காப்பீட்டுக் கட்டணம், கடன்தாரர் மற்றும் கணவர். கடன் கொடுத்த அன்றே பிடித்துக்கொண்ட பணம் அது. அப்பா இறந்த தேதியில் மிச்சமிருந்த 27,000 சொச்சத்தைக் காப்பீடுதான் அடைத்திருக்க வேண்டும். சாவுக்கு மாலையோடு வந்த அந்த வசூல் பையனும் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. எல்லாக் கடனிலும் இது இருக்காது, ஆனால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

அப்புறம், ரிசர்வ் வங்கியின் விதிப்படி இந்த மாதிரி நுண்கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. பொதுவாகப் பேசி வைத்த இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். கடன் வாங்கியவர் அங்கே அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். மற்றக் கடன்களுக்குக் காலை 8 முதல் மாலை 7 வரை. இனி என் நம்பருக்குப் பேசுங்கள் என்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு, அட்டையில் இருந்த புகார் அதிகாரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் எழுதினேன். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்டால் வழி சொல்வார்கள். மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2025-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது, அதனால் போலீசுக்குப் போகத் தயங்காதீர்கள். நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை உங்கள் சம்பளத்தில் அவர்கள் கை வைக்க முடியாது.

காப்பீட்டுக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஆதாரில் அப்பா கோவிந்தன், ரேஷன் கார்டில் கோவிந்தசாமி. எழுபது வருஷம் ஊரே ஒரே பெயரில் கூப்பிட்ட மனிதரை, இரண்டு பேரும் ஒருத்தர்தான் என்று நிரூபிக்க நான்கு முறை லீவு போட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் சீட்டில் ஆள் இல்லை. எந்தக் கம்ப்யூட்டரிலோ யாரோ தப்பாக அடித்ததற்கு என் நான்கு நாள் கூலி போயிற்று. உங்கள் பெற்றோரின் பெயர் எல்லா அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மூன்று மாதம் கழித்துக் கடன் அடைந்ததாகக் கடிதம் வந்தது. தோட்டையும் மீட்டுக் கொடுத்துவிட்டேன். அப்பா இறந்த பிறகு அம்மா கட்டிய ஏழு தவணை, 3,430 ரூபாய், இன்னும் வரவில்லை. அதைக் கேட்டு இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறேன்.