எட்டாம் வகுப்போடு நின்ற தமிழ்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். உங்கள் கட்டுரைகளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அவர் 1975-ல் இங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் வாசிக்க வராது. எனக்கு அம்மா சொல்லிக்கொடுத்தாள், அதனால் தப்பித்தேன். போன மாதம் பரணில் பாட்டி எழுதிய இன்லண்ட் லெட்டர்கள் கிடைத்தன. அவற்றையும் நான்தான் அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். தமிழ்ப் பள்ளியில் படித்தவருக்கு எப்படித் தமிழ் படிக்கத் தெரியாமல் போகும்? 'மதராசி' என்ற கேலிக்கு வெட்கப்பட்டு விட்டுவிட்டாரோ என்று சந்தேகம். கேட்டால் சிரித்து மழுப்புகிறார். நீங்களும் அதே காலத்தில் இங்கே படித்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்., மயூர் விஹார்

அன்புள்ள எஸ்.,

அப்பாவை அவ்வளவு சீக்கிரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். வெட்கப்படுகிறவன் முதலில் பேச்சைத்தான் விடுவான். பஸ்ஸில் அம்மா தமிழில் கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். அப்படிப்பட்ட பையன்களும் எங்களோடு இருந்தார்கள். உங்கள் அப்பா பேச்சை விடவில்லை, எழுத்து மட்டும் கைநழுவிப் போயிருக்கிறது. அதற்குக் காரணத்தைப் பள்ளிக்கூடத்து டைம் டேபிளில்தான் தேட வேண்டும்.

தில்லித் தமிழ்ப் பள்ளிகளின் கதை பழையது. அன்றைய மத்திய சர்க்கார் குமாஸ்தாக்கள் 1923-ல் 'மதராசி' என்ற சொல்லையே பெயரில் வைத்துத் தொடங்கிய கல்விச் சங்கம்தான் பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஆனது. சர்க்கார் கோடையில் சிம்லாவுக்கு மலையேறினால் பள்ளியும் கூடவே ஏறுமாம். எங்கள் காலத்தில் மந்திர் மார்க், லோதி எஸ்டேட் என்று பல இடங்களில் கட்டடங்கள் இருந்தன. நான் படித்த பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. இங்கே சொல்லப்போவது எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தும்.

மும்மொழித் திட்டம் 1968-ல் தேசியக் கல்விக் கொள்கையில் ஏறியது. தமிழ்நாட்டில் அதே வருஷம் ஜனவரியில் அண்ணா சட்டசபையில் இருமொழிதான் என்று தீர்மானம் போட்டுவிட்டார். இந்தி பேசும் மாநிலத்துப் பிள்ளைகள் ஒரு தென்னிந்திய மொழி படித்தால் நல்லது என்பதுதான் திட்டத்தின் எண்ணம். நடந்ததோ வேறு. மூன்றாவது மொழி பீரியட் மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். பஞ்சாபிப் பையன்கள் சம்ஸ்கிருதத்துக்குப் போவார்கள். தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் மட்டும் எங்கள் சொந்த மொழியை மூன்றாவது மொழியாகப் படிக்க உட்காருவோம். ஆறு, ஏழு, எட்டு, அவ்வளவுதான். ஒன்பதில் இரண்டு மொழி போதும். பெரும்பாலோர் ஆங்கிலமும் இந்தியும் எடுத்தோம். தமிழை விடாமல் தொடர்ந்தவர்களும் இருந்தார்கள், ஆனால் சொற்பம்.

அந்த நேரம் பார்த்துப் பரீட்சை முறையும் மாறியது. அதுவரை தில்லியில் பதினொன்றாம் வகுப்பில்தான் போர்டு பரீட்சை. 10+2 வந்து, முதல் பத்தாம் வகுப்புப் பரீட்சை 1977-ல் நடந்தது. உங்கள் அப்பா எட்டாவது முடிக்கும்போது வீட்டுக்கு வீடு அதே பேச்சுதான். மார்க் வாங்கித் தராத பாடத்துக்கு ஏன் நேரத்தைச் செலவழிக்க வேண்டும் என்று பெற்றோர்கள் கேட்டார்கள். அவர்கள் தமிழ் துரோகிகள் இல்லை. முருகனுக்கு மலை மந்திர் எழும்பச் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்தவர்கள்தான்.

அதற்குள் மூன்று வருஷம் படித்தோமே, எழுத்து எப்படி ஒட்டாமல் போனது என்று நீங்கள் கேட்கலாம். ஏழாம் வகுப்பில் குறள் ஒப்பித்தல் போட்டி. ஒரு பையன் நோட்டைப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு நின்றான். தமிழ் டீச்சர் வாங்கிப் பார்த்தார். குறள் எல்லாம் இந்தி எழுத்தில்! டீச்சர் திருநெல்வேலிக்காரர், அவருக்கு இந்தி வாசிக்க வராது. "நீயே படிடா, கேப்போம்" என்றார். இந்தியில் குறில் எகரமும் ஒகரமும் கிடையாது, ழகரம் எங்களுக்குத் தெரிந்த இந்தியில் இல்லை. ஆகவே 'ஒழுக்கம்' என்பதை அவன் 'ஓலுக்கம்' என்று கணீரென்று படித்தான். 'எல்லாம்' 'ஏல்லாம்' ஆனது. டீச்சர் திட்டவில்லை. மற்றவர்கள் நோட்டையும் கொண்டுவரச் சொன்னார். பாதிக்கு மேல் அதே கதைதான், என்னுடையதும் சேர்த்து. தேர்வுக்கு வேண்டிய அளவுக்குத் தமிழ் எழுத்தை வரைந்துவிடுவோம். அவசரத்துக்குக் குறிப்பு எழுதினால் கை தானாக இந்திக்குப் போகும். கணக்கு ஆங்கிலத்தில், சுவரில் எழுதியிருப்பது இந்தியில், பஸ் போர்டும் இந்தியில். எமர்ஜென்சி வாசகங்கள் ஊர் பூராவும் இந்தியில்தான்.

காதுக்கு மட்டும் தமிழ் குறைவில்லாமல் கிடைத்தது. காலை ஏழே காலுக்கு ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி, இதே தில்லியிலிருந்து, சரோஜ் நாராயணசுவாமி போன்றவர்களின் குரலில். அது முடிவதற்குள் தலைவாரி டிபன் டப்பாவோடு வாசலில் நிற்க வேண்டும். எமர்ஜென்சியில் ஆபீசுக்கு டயத்துக்குப் போயாக வேண்டும் என்றானதும் அப்பாக்களும் எங்களோடு அதே மணிக்குக் கிளம்ப ஆரம்பித்தார்கள். அம்மாக்கள்தான் பாவம், இரண்டு டப்பாவையும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டியிருந்தது. அதுவும் ஜனவரிக் குளிரில் தயிர் உறையவே உறையாது. பழைய ஸ்வெட்டரைச் சுற்றிப் பாத்திரத்தை அடுப்புப் பக்கத்தில் வைப்பாள் என் அம்மா. (ஸ்வெட்டர் பின்னுவதை மாடிவீட்டுப் பஞ்சாபி மாமியிடம் கற்றுக்கொண்டாள். அதில் ஒரு கை எப்போதும் நீளமாக இருக்கும்.)

கேலி இல்லையா என்றால், இருந்தது. பள்ளிக்கு உள்ளே குறைவு, காலனி மைதானத்தில் அதிகம். நாங்களும் சும்மா இருக்கவில்லை, சர்தார் ஜோக்குகளில் எங்கள் பங்கும் உண்டு. அதை வைத்து மட்டும் ஒருவர் எழுத்தை மறந்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் கதையில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. வீட்டில் கண் மங்கிய பாட்டி இருந்தாள். ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து சேரும் வாரப் பத்திரிகையின் தொடர்கதையை நான்தான் வாசித்தாக வேண்டும். தப்பாக வாசித்தால் தலையில் குட்டு விழும். எட்டாவதோடு பள்ளியில் தமிழ் முடிந்தது, வீட்டில் முடியவில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்த வேலை வாய்த்திருக்காது.

அவருக்கு இப்போது சொல்லிக்கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பாட்டியின் கடிதங்களில் ஆரம்பிக்காதீர்கள். இன்லண்ட் லெட்டரின் ஓரத்தில், மடிப்பில் எல்லாம் நுணுக்கி எழுதும் அந்தக் கையெழுத்து எனக்கே திணறும். பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறுவர் புத்தகம் ஏதாவது வாங்குங்கள். ஒருகாலத்தில் படித்த எழுத்துதானே, முற்றிலும் அழிந்திருக்காது. குறிலையும் நெடிலையும் அடையாளம் காட்டினால் மீதி வந்துவிடும். அப்புறம் ஒரு வேண்டுகோள்: அவருடைய அந்தக் காலத்துப் பள்ளி டைரியோ முன்னேற்ற அறிக்கையோ அதே பரணில் கிடைத்தால், தமிழ் மார்க் பதிவான பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். அப்பாவிடம் கேட்டுவிட்டு.